கொடைக்கானல் கிளம்பும் முன்: இ-பாஸும் அறை முன்பணமும்

சீசன் வந்துவிட்டால் மலையடிவாரச் சோதனைச்சாவடியில் தினமும் இதே கதைதான். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும், காருக்குள் குழந்தை அழும், அப்பா போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருப்பார். இ-பாஸுக்கான ஓடிபி ஊரில் இருக்கும் மகனின் எண்ணுக்குப் போயிருக்கும். நிம்மதியாக நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய குடும்பம் சாலையோரத்திலேயே பாதி நாளைத் தொலைக்கும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. ஆகவே, 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே வேண்டாம். தேதி முடிவானதும் இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி என்ற அரசு தளத்தில் பதிவு செய்யுங்கள். பயணத்தில் உடன் வரும் போன் எண்ணையே கொடுங்கள். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கியூஆர் கோடுடன் பாஸ் வந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து வண்டியில் வையுங்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை.

இ-பாஸ் இலவசம். மறுபடியும் சொல்கிறேன், இலவசம். 'பாஸ் எடுத்துத் தருகிறோம்' என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்னொரு விதி: ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. மீறிக் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட நேரும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். செய்திக்குறிப்பு வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகமும் இருக்கக் கூடாது. மலையேறும் முன் வரும் வத்தலக்குண்டிலேயே இதையெல்லாம் பெரிய பலகையில் எழுதி வைப்பதில் என்ன சிரமம்?

அடுத்த ஆபத்து அறை முன்பணம். இணையத்தில் அழகான காட்டேஜ் படம், கீழே ஒரு போன் எண். பாதிப் பணம் அனுப்பியதும், 'பதிவாகவில்லை, இன்னொரு முறை அனுப்புங்கள், சேர்த்துத் திருப்பித் தருகிறோம்' என்பார்கள். அனுப்பும் முன் யுபிஐயில் வரும் பெயரைப் பாருங்கள். விடுதிப் பெயருக்குப் பதில் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். திரும்பி வர வேண்டிய பணத்துக்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகத்தான் செய்யும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், பேசிய எண் எதையும் அழிக்காதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

விடுதி உண்மையானதுதான், ஆனால் பேசியபடி அறை தரவில்லை என்றால் வழி வேறு. முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வழக்குக்காகக் கொடைக்கானல் இருக்கும் மாவட்டமான திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ரசீதும் முன்பதிவுச் செய்தியும் இருந்தால்தான் வழக்கு நிற்கும். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பாஸ் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். 1930, 1915 இரண்டையும் இன்றே வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள்.