ஓர் ஊர்ப் பெயரும் மூன்று கணக்குகளும்

தென் அந்தமானில் சாத்தம் துறையிலிருந்து படகேறி எதிர்க்கரை சேர்ந்தால் பாம்பூஃப்ளாட் என்னும் ஊரை அடையலாம். இப்பெயரில் எத்தனை எழுத்துக்கள் என்று ஒரு மாணவனைக் கேட்டால், பா, ம், பூ, ஃ, ப், ளா, ட் என எண்ணி 7 என்பான். யூனிகோட் முறையோ உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளிகளையும் தனித்தனியே கொண்டு 13 குறிகள் என்னும். சி மொழியின் நூலகத்திலுள்ள 'ஸ்டர்லென்' என்னும் செயற்கூறு 39 என்று விடையளிக்கும். மூன்றும் சரியான விடைகளே.

இதன் காரணத்தைக் காண்போம். 1992-ல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. 'ப' என்பது 224, 174, 170 என்னும் மூன்று எண்களாக அமையும். ஸ்டர்லென் எழுத்துக்களை அறியாது. சுழி வரும்வரை பைட்டுகளை மட்டுமே எண்ணும். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட்டு. ஆகவே ஆங்கிலத்தை மட்டும் நினைத்து அமைத்த நிரல்களில் இவ்வேறுபாடு வெளிப்படுவதில்லை.

பள்ளிப் பதிவேட்டு நிரல் ஒன்று ஊர்ப் பெயருக்கு 32 பைட்டு இடம் ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம். 'ஸ்டர்காப்பி' இறுதிச் சுழியுடன் 40 பைட்டுகளையும் எழுதி, அடுத்துள்ள செய்தியை அழித்துவிடும். 1988-ல் இன்டர்நெட்டில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளுள் ஒன்று இத்தகைய வரம்பு மீறலே. 'ஸ்டர்-என்-காப்பி' 32-ல் நிற்கும். ஆனால் இறுதிச் சுழியை இடாது. 1998-ல் ஓப்பன் பிஎஸ்டி அமைப்பில் வந்த 'ஸ்டர்-எல்-காப்பி' 31 பைட்டுகளையும் சுழியையும் எழுதி, மூலத்தின் நீளம் 39 என்றும் தெரிவிக்கும். எனினும் க்னூ சி நூலகம் இதனை 2023-ல்தான் ஏற்றது. எனவே பழைய பொறிகளிலும் இயங்க வேண்டிய நிரலுக்கு, 1999-ஆம் ஆண்டுச் சி தரத்தில் இடம்பெற்ற 'எஸ்என்-பிரின்ட்எஃப்' ஏற்றது. அதுவும் முழு நீளத்தைத் தெரிவிக்கும்.

ஆயினும் இவையிரண்டும் 31-ஆம் பைட்டில் பெயரை வெட்டும்போது, பத்துக் குறிகளுக்குப் பின் ஒரு பைட்டு தனித்து நிற்கும். திரையில் கேள்விக்குறி போன்ற சின்னம் தோன்றும். விடுபடும் முதற் பைட்டு 128 முதல் 191 வரையுள்ள எண்ணாயின், வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்ததென அறியலாம். அக்குறியின் தொடக்கம்வரை பின்வாங்கினால் 'பாம்பூஃப்ள' எஞ்சும். இதிலும் 'ளா' கால் இழந்துள்ளது. விடுபட்டது உயிர்க்குறியோ புள்ளியோ ஆயின் இன்னும் ஒரு குறி பின்வாங்குதல் வேண்டும். அப்போது 'பாம்பூஃப்' என நிற்கும்.

இவ்வாறு ஒழுங்காக வெட்டினாலும் ஊரின் பெயர் முழுமை பெறுவதில்லை. சான்றிதழில் ஒரு கால் குறைந்தால் மாணவனின் பெயரே வேறாகிவிடும். ஆதலின் செயற்கூறு தெரிவிக்கும் நீளத்தைச் சோதித்து, இடம் போதாதெனில் பதிவை ஏற்காது நிறுத்துவதே முறையாகும். "25 எழுத்துக்குள் எழுதுக" என்னும் படிவத்தைக் காணும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும், அது எழுத்தா, குறியா, பைட்டா என்று கேட்டறிதல் நலம். தம் ஊரின் நீண்ட பெயரொன்றைத் தமிழில் பதிந்து, கடைசி எழுத்துவரை சரிபார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவார்களாக.