ஐந்து நிமிடப் பேச்சில் கிடைத்த இலவசக் கருவி

காலை வேளையில் மந்திர் மார்க் பக்கம் போனால், 1923ல் தோன்றிய டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தமிழ் அன்பர்களைக் காணலாம். ஒரு காலத்தில் இவர்கள் பேச்செல்லாம் சர்க்கார் பரீட்சையையும் பிரமோஷனையும் பற்றியே இருக்கும். இப்போதோ, "மூத்தவன் நொய்டாவில் செயலிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான்" என்கிறார்கள். அது என்ன வேலை?

கைபேசியில் ரயில் டிக்கெட் எடுக்கிறோம். ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அந்தச் செயலியில் ஓரிடத்தைத் திருத்தினால் வேறோரிடம் கெட்டுப் போகலாம். பேரேட்டில் ஒரு தொகையைத் திருத்திய குமாஸ்தா கூட்டலை முதலிலிருந்து சரிபார்ப்பது போல, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தாக வேண்டும். இந்த அலுப்பான வேலையை எழுதிக் கொடுத்த கட்டளைப்படி தானே செய்து முடிக்கும் இலவசக் கருவிதான் 'ஆப்பியம்'.

அது பிறந்த கதை சுவையானது. 2011ல் அமெரிக்காவில் ஜூஸ்க் என்ற கம்பெனியில் சோதனைப் பணியைக் கவனித்து வந்தவர் டான் குவேயர். ஐபோன் செயலியைச் சோதிக்க ஆட்களுக்கு நேரம் போதவில்லை. எனவே தம் தேவைக்கென்று ஒரு நிரலை எழுதினார். 2012ல் லண்டனில் ஸெலீனியம் மாநாடு கூடியது. ஸெலீனியம் என்பது இணையதளங்களைச் சோதிக்கும் இலவசக் கருவி. 2004ல் ஜேஸன் ஹக்கின்ஸ் தொடங்கியது. வேறொரு பொருள் பற்றிப் பேச வந்த குவேயருக்கு, தம் நிரலைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசச் சந்தர்ப்பம் வாய்த்தது.

மேடை ஏறினார், திரையில் ஒன்றும் தெரியவில்லை! அடுத்தவரை அழைத்துவிடலாமா என்ற கட்டத்தில் திரை ஒளிர்ந்தது. செய்ததை விளக்கினார், கைகொடுக்க ஆட்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல். அவ்வளவுதான்.

ஆனால் சில மாதங்களில் ஹக்கின்ஸே அவரைத் தொடர்பு கொண்டார். 2012 ஆகஸ்டில் நிரல் முழுவதும் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. பலரும் கைகொடுக்க, ஐபோனுக்கென்று தொடங்கியது ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 2014ல் 1.0 பதிப்பும் 2023ல் 2.0 பதிப்பும் வெளியாயின.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம்? இந்தக் கருவிக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டரும் சாதாரணக் கைபேசியும் இருந்தால், பைத்தான் அல்லது ஜாவா தெரிந்த மாணவர் வீட்டிலேயே பழகலாம். சொற்பச் சம்பளக்காரரின் பிள்ளைக்கும் பெரிய கம்பெனி எஞ்சினீயருக்கும் ஒரே கருவிதான்.

ஒன்று மட்டும் அந்தக் கருவிக்கு ஆகாது. பொத்தான் வேலை செய்கிறதா என்று அது சொல்லும். அதன்மேல் எழுதிய தமிழ், ஊரிலுள்ள பாட்டிக்குப் புரியுமா என்று சொல்லாது. அதற்குத் தமிழ் படித்தவர் வேண்டும். மந்திர் மார்க் பள்ளியில் படித்த தமிழ் அங்கேயும் கைகொடுக்கும்.