ஜவ்வரிசியும் சாமையும்

வடாம் பிழிய ஜவ்வரிசியை ஊறப் போடும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா, சகோதரிகளே? மரவள்ளிக் கிழங்கிலிருந்து என்பீர்கள். சரிதான். அந்தக் கிழங்கில் ஒரு பங்கு, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியில் இறங்கி வருகிறது.

இரண்டாவது உலக யுத்தத்தில் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்று போகவே, 1943-வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. அவற்றின் பசி பிற்பாடு மலைமேலும் எட்டியது. வல்வில் ஓரி ஆண்ட மலையாயிற்றே! தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறி உட்கார்ந்துகொண்டது. மலைவாசிகளைக் குறை சொல்வதற்கில்லை. சாமை வயிற்றை நிரப்பியது. மரவள்ளி அல்லவா மடியில் ரொக்கம் கட்டியது?

ஆனால், ஒரே சரக்கை நம்புகிறவர்கள் பாடு திண்டாட்டந்தான். 2014-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் வெனிசுவேலா தள்ளாடிப் போயிற்று. செல்வம் கொழிக்கும் சவூதி அரேபியாவே, வேறு வருமானம் தேடி 2016-ல் பெரிய திட்டம் போட்டது. கொல்லிமலைக்கு மரவள்ளிதான் எண்ணெய்க் கிணறு! தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நல்ல விலை வரட்டும் என்று வீட்டில் அடுக்கி வைக்க முடியுமா? கீழே சொல்லும் விலைதான் விலை.

சாமை மலையை விட்டு இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஆண்களுக்குச் சட்டென்று தோன்றாது. உரலும் உலக்கையுந்தான்! கேழ்வரகை அப்படியே திரித்துவிடலாம். சாமையின் உமியோ லேசில் போகாது. குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்துப் பெண்களின் தோள்பட்டை ஓய்ந்து போகும்.

டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. பாரம்பரிய விதைகளைச் சேமித்ததோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊருக்குள்ளேயே கொண்டு வந்தது. பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து சாமை அரிசியும் தினை மாவும் பொட்டலம் கட்டி விற்றார்கள். மரவள்ளி இன்னும் மலையை விட்டுப் போகவில்லை. போகத்தான் வேண்டுமென்று யார் சொன்னது? மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைகிற மண்ணில், பக்கத்திலே சாமையும் இருந்தால் கிழங்கு விலை விழுந்த வருஷத்திலும் அடுப்பு எரியும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, பட்டணத்துக் கடைகளிலும் சாமை தாராளமாகக் கிடைக்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உமியோடு இருக்கும்வரை சாமை வருஷக்கணக்கில் கெடாது. உமி நீக்கியதில் சீக்கிரம் வண்டு விழுந்துவிடும். ஆகையால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.