பிரேக் இருக்கும் இடம்

திருப்பதியில் லித்தியம் செல் ஆலை ஒன்று 2022 செப்டம்பரில் சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. செல்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால், விஜயபுரம் போன்ற ஊரிலும் ஓர் இளைஞர் மின்சார ஸ்கேட்போர்டை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அவரது உயிர் செல்லை நம்பி இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளங்கையளவு கருவியை நம்பித்தான்.

காரணம், இத்தகைய பலகைகள் பெரும்பாலானவற்றில் தனி பிரேக் கிடையாது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது. கருவி செயலிழந்தால் பிரேக்கும் போயிற்று.

எனவே விலையைவிட வோல்ட்தான் முக்கியம். ஸ்வீடன் நாட்டின் பெஞ்சமின் வெட்டர் வடிவமைத்து, வரைபடத்தைப் பொதுவில் வைத்த 'வெஸ்க்' கருவியின் முதல் வடிவத்துக்கு உச்சவரம்பு 60 வோல்ட். வரிசையாக இணைத்த 12 செல்களில் முழு சார்ஜ் ஏறினால் 50.4 வோல்ட், மிச்சம்தான் பாதுகாப்பு. 14 செல் என்றால் 58.8, அது கத்தி மேல் நடை. ஆம்பியரிலும் இதே தாராளம் வேண்டும்.

பேட்டரி ஒயர் குட்டையாக இருக்கட்டும். நீண்டால் மின்னழுத்தம் எகிறும். சூடு தணிய அலுமினியத் தகட்டில் பொருத்துங்கள். முழு சார்ஜ் ஏற்றிய கையோடு சரிவில் இறங்காதீர்கள். பிரேக் தரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது, கருவியே கருகலாம். ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் ஓய்கிறதா என்பதை, சக்கரம் தரையைத் தொடும் முன்பே சோதித்துவிடுங்கள்.