பலகையில் இருக்கிறது, பட்டியலில் இல்லை

சத்திரம் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும், திருச்சி மாவட்டத்தின் வடக்கும் மேற்கும் காதில் விழுந்துவிடும். லால்குடி, சமயபுரம், முசிறி, தொட்டியம், துறையூர் என்று நடத்துநர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். மலைக்கோட்டை ஒரு பக்கம், வளனார் கல்லூரி ஒரு பக்கம், எட்டி நடந்தால் காவிரிப் பாலம். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுச் சீர்மிகு நகரத் திட்டத்தில் புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். வழிப்போக்கருக்குச் சோறும் திண்ணையும் தந்த சத்திரம் இன்று பெயரளவில்தான் மிச்சம். பெயர் நின்றுவிட்டது, பொருள் போய்விட்டது.

இதே நிலையத்தில் வண்டி ஏறிப் போகக்கூடிய இரண்டு ஊர்களுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். தொட்டியமும் உப்பிலியபுரமும் அப்படியே இருக்கின்றன. சந்தை கூடுகிறது, ஒன்றிய அலுவலகம் நடக்கிறது, பேருந்து போகிறது. ஆனால் அந்தப் பெயர்களில் இருந்த சட்டமன்றத் தொகுதிகள் 2008 தொகுதி மறுவரையறையில் மறைந்துவிட்டன. மதுரை சாலைப் பக்கம் இருந்த மருங்காபுரியும் அவற்றோடு போனது. வாக்காளர் பட்டியலைத் திறந்தால் தொட்டியத்துக்காரர் இப்போது முசிறித் தொகுதி, உப்பிலியபுரத்துக்காரர் துறையூர்த் தொகுதி, மருங்காபுரிக்காரர் மணப்பாறைத் தொகுதி.

மாவட்டத்துக்கு மொத்தக் கணக்கில் நட்டம் எதுவும் இல்லை. போனவை மூன்று, வந்தவை மூன்று: மணப்பாறை, மண்ணச்சநல்லூர், துறையூர். நகரத்துக்குள்ளும் பலகை மாறியது. முதல் பொதுத்தேர்தலில் வடக்கு, தெற்கு என்று இருந்த திருச்சி, பிறகு திருச்சி-1, திருச்சி-2 என்று எண்ணானது. 2008க்குப் பிறகு கிழக்கு, மேற்கு என்று மறுபடி திசைக்குத் திரும்பியது.

பெயர் மாறினால் என்ன, ஓட்டுப் போடுகிறவன் அதே ஆள்தானே என்று கேட்கலாம். கட்சிக்காரரிடம் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார். எல்லை மாறினால் அவருடைய பழைய கணக்கு முழுதும் குலைந்துபோகும். எந்த பூத்தில் எத்தனை ஓட்டு வாங்கினோம் என்று சொல்லும் படிவம் 20ஐ எடுத்துவைத்து, பாகம் பாகமாகப் பிரித்து, புதிய எல்லைக்குள் வந்த பாகங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால்தான் போன தேர்தலில் இந்தத் தொகுதியில் என்ன நடந்திருக்கும் என்பதே தெரியும். திருச்சி-2 தொகுதியில் 1989இலும் 1996இலும் அன்பில் பொய்யாமொழி வென்றார். 2006இல் கே.என். நேரு வென்றார். மூன்று முறையும் தி.மு.க. அதே நேரு 2011இல் திருச்சி மேற்கு என்ற புதிய பெயர்த் தொகுதியில் நின்று, ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் அ.தி.மு.க.வின் மரியம்பிச்சையிடம் தோற்றார். அன்று தமிழ்நாடெங்கும் ஆளுங்கட்சிக்கு எதிரான அலை. தோல்வியில் அலைக்கு எவ்வளவு பங்கு, எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. அமைச்சராகப் பதவியேற்ற மரியம்பிச்சை, ஒரே வாரத்தில், சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி எடுக்கச் சென்னை போகும் வழியில் விபத்தில் இறந்துபோனார். அந்த அக்டோபரிலேயே இடைத்தேர்தல். அதிலும் நேருவுக்குத் தோல்விதான். 2016இலும் 2021இலும் அதே மேற்குத் தொகுதி அவருக்கே கிடைத்தது.

மறைந்த மூன்று தொகுதிகளில் வரலாற்றில் பெயர் பொறித்துவிட்டுப் போனது மருங்காபுரி. எம்.ஜி.ஆர். இறந்த பிறகு அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரி 21 அன்று நடந்த தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும், ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு ஒன்று. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஆனால் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் அன்று வாக்குப்பதிவு நடக்கவில்லை, தள்ளிவைத்திருந்தார்கள். இடைப்பட்ட வாரங்களில் அணிகள் ஒன்றாயின, ஜானகி அம்மாள் அரசியலை விட்டு விலகினார், இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. மார்ச் 11 அன்று இரண்டு தொகுதிகளிலும் வாக்குப்பதிவு. தி.மு.க. ஆட்சிக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, புது மணம் மாறாத ஆட்சி. அப்படியிருந்தும் இரண்டிலும் இலை வென்றது. ஜெயலலிதா தலைமையில் ஒன்றுபட்ட கட்சி இலையோடு வாங்கிய முதல் வெற்றி அதுதான். தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த கால் நூற்றாண்டு எந்தப் பக்கம் போகும் என்பதை, துவரங்குறிச்சிப் பக்கத்து மானாவாரி விவசாயிகள் அன்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இன்று மருங்காபுரித் தேர்தல் என்று இளைஞர் யாரிடமாவது சொன்னால் உள்ளாட்சித் தேர்தலா என்று கேட்பார்.

தொட்டியத்தை விரைந்து கடந்துவிடலாம். வாழையும் வெற்றிலையும் கோரையும் விளையும் காவிரிக் கரை பூமி. 2006இல் அங்கே காங்கிரஸ் வென்றது. பக்கத்திலேயே உள்ள முசிறியோடு சேர்ந்ததில் ஊருக்கும் வாழ்க்கைக்கும் பெரிய இடைவெளி விழுந்துவிடவில்லை.

என்னை நிற்கவைப்பது உப்பிலியபுரம்தான்.

அது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி மூன்றுதான் இருந்தன: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். கடைசியாக 2006இல் அங்கே வென்றவர் தி.மு.க.வின் ரா. ராணி. சத்திரத்தில் ஏறித் துறையூர் போய், அங்கிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் என்று போனால் பச்சைமலைக்கு ஏறும் பாதை தொடங்கும். மேலே டாப் செங்காட்டுப்பட்டி. தென்புறநாடு, வண்ணாடு, கோம்பை என்று நாட்டுப் பெயர்களைச் சுமந்த ஊராட்சிகள். சாமையும் மரவள்ளியும் முந்திரியும் விளைகின்றன. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் மலை அது. கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். இந்தப் பெயரை வைத்தே அரசுப் பட்டியலில் ஒரு வினோதம் உண்டு. பழைய திருச்சி, சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருந்தால்தான் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்கு அந்தச் சான்று கிடையாது. கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரே சாதிசனத்துக்கு இரண்டு விதி.

பச்சைமலைத் தொகுதிக்கு விழுந்த கோட்டைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 1967 தேர்தல் முதல் 234 இடங்கள். 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுபதுகளில் போட்ட எல்லையிலேயே 1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. இதற்கிடையே, 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. மொத்த இடங்களைத் தொடக்கூடாது. 2001 கணக்கெடுப்பை வைத்து எல்லைகளையும் தனித் தொகுதிகளையும் மட்டும் மாற்றலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப் பங்குக்கு இயன்றவரை ஒத்த அளவில் இடம் தரவேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம்.

2001இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6,24,05,679. பழங்குடியினர் 6,51,321. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 234ஐ அந்தப் பங்கால் பெருக்கினால் 2.44 வரும். அரையைத் தாண்டாததால் இரண்டு. பழங்குடித் தொகுதிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் 42இலிருந்து 44 ஆயின. புதிய துறையூர் அவற்றில் ஒன்று.

இந்த 2.44 என்ற எண்ணை நான் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். அது 2.5ஐத் தொட்டிருக்க எத்தனை பழங்குடியினர் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்? சுமார் 15,400 பேர். ஆறேகால் கோடிப் பேர் கொண்ட மாநிலத்தில் 15,400 பேர் கணக்கில் குறைந்ததால் ஒரு மலைக்குத் தொகுதி போனது. சான்று கிடைக்காத பர்கூர் மலைக்காரர்களும் இன்னும் இப்படி விடுபட்டவர்களும் பட்டியலுக்குள் இருந்திருந்தால் அந்த இடைவெளி எவ்வளவு சுருங்கியிருக்கும் என்ற நினைப்பு வராமல் இல்லை.

ஆணையம் வேண்டுமென்றே பச்சைமலையைக் கைவிட்டது என்று சொல்ல வரவில்லை. பழங்குடியினரின் விகிதம் எங்கே அதிகமோ அங்கேதான் அவர்களுக்கான தொகுதி என்பது சட்டம். மேற்கே கண்ணுக்குத் தெரிகிற கொல்லிமலையில் அந்த மக்கள் அதிகம், எனவே சேந்தமங்கலம் நின்றது. சேர்வராயன் மலையால் ஏற்காடு நின்றது. உப்பிலியபுரம் மூன்றாவது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உப்பிலியபுரம் தனித் தொகுதியாக இருந்தபோதும் அதன் வாக்காளர்களில் பெரும்பாலோர் சமவெளிக்காரர்கள். மலையின் ஓட்டு மட்டும் யாரையும் ஜெயிக்கவைத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்சியும் ஒரு பழங்குடி மனிதரைத் தேடிப் பிடித்து, அவருக்குச் சீட்டு கொடுத்து, கைகூப்பிக்கொண்டு சமவெளித் தெருக்களில் அவரோடு நடக்கவேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் மலைச் சாலை, வன உரிமை, சாதிச் சான்று என்று பேச ஒரு நாற்காலி இருந்தது. 2011 முதல் திருச்சி மாவட்டத்தில் எந்தக் கட்சிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. பழங்குடியினர் காடுகளில் உரிமை கோரும் சட்டம் 2006இல் வந்தது. அதைக் கேட்டு வாங்கித்தரவேண்டிய நேரத்தில் நாற்காலி போய்விட்டது.

ஒரு கோடு நகர்ந்தால் அதன் அதிர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இதே பகுதியில் எடுத்துக்காட்டு உண்டு. பெரம்பலூர் மக்களவைத் தொகுதி அதுவரை பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. ஆ. ராசா அங்கே 1996, 1999, 2004 என்று மூன்று முறை வென்றவர். மறுவரையறையில் அது பொதுத் தொகுதியானது, நீலகிரி தனித் தொகுதியானது. 2009இல் ராசா நீலகிரிக்குப் போனார், பெரம்பலூரில் நடிகர் நெப்போலியன் நின்று வென்றார். பெரிய தலைவருக்கு இன்னொரு மலை கிடைத்தது. பச்சைமலைக்காரருக்கு மாற்றிடம் எது?

இதை எதிர்த்துக் கேட்க வழி இருந்ததா என்றால், தாளில் இருந்தது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது அமர்வு நடத்திவிட்டுத்தான் ஆணையம் முடிவெடுக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் உடன் அமர்வார்கள், அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆணை வெளியான பிறகு அதற்குச் சட்டத்தின் வலு. மலையிலிருந்து ஒருவர் இறங்கி, பேருந்து பிடித்து, அரசிதழைத் தேடிப் படித்து, ஆட்சேபம் எழுதிப்போடுவது எத்தனை நாள் கூலியைத் தின்னும் வேலை என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளைக் குறைந்தது ஏழு ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்தியாகவேண்டும். யார் என்ன ஆட்சேபம் எழுதினார்கள் என்பதையும், அந்த ஆட்சேபத்துக்கு மற்றவர் எழுதிய மறுமொழியையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். 1901 முதல் இருந்த வடக்கு சிட்னி தொகுதியே 2024இல் கலைக்கப்பட்டது. அங்கும் மனவருத்தம் உண்டு. ஆனால் அடிக்கடி நடப்பதால் மக்களுக்கு அந்த வேலை பழகியிருக்கிறது. நமக்கு முப்பது ஆண்டுக்கு ஒரு முறை வருவதால் வந்து போன பிறகுதான் தெரிகிறது.

அடுத்தது வரப்போகிறது. 84ஆவது அரசமைப்புத் திருத்தம் 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறித்துப் பேசுகிறது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்துக் கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டுவிட்டது. மக்களவையில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையுமா என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன, பேசவேண்டியதுதான். அந்தச் சத்தத்தில் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் இந்தச் சின்னக் கணக்கு யார் காதிலும் விழவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், மொத்த மக்கள்தொகை 7,21,47,030. அதே பெருக்கலைப் போட்டால் 2.58. அரையைத் தாண்டிவிட்டது. 2001க்குப் பதில் பத்து ஆண்டு கழித்து எடுத்த எண்ணைக் கையில் வைத்திருந்தால் மூன்றாவது தொகுதிக்கு நியாயம் இருந்திருக்கும். 2027 எண் வரும்போது அது நிற்குமா, கூடுமா என்று பார்க்கவேண்டும். நின்றாலும் மூன்றாவது இடம் பச்சைமலைக்கே வரும் என்று உறுதியில்லை. விகிதத்தைப் பார்க்கும்போது ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் முன்னால் நிற்கலாம். பச்சைமலையின் மறுபக்கச் சரிவுகள் பெரம்பலூருக்கும் சேலத்துக்கும் போகின்றன. ஒரே மலையும் ஒரே மக்களும் மூன்று மாவட்டங்களில் சிதறியிருப்பதால் எந்தத் தொகுதியிலும் அவர்களுடைய விகிதம் மேலே ஏறுவதில்லை. வரைவு வெளியாகும் நாளில் தென்புறநாட்டிலும் வண்ணாட்டிலும் கோம்பையிலும் அதைப் படித்துக்காட்ட ஒருவர் வேண்டும், ஆட்சேபத்தை எழுதிக்கொண்டு அமர்வு நடக்கும் ஊருக்குக் கிளம்ப ஒருவர் வேண்டும். அமர்வு திருச்சியில் நடந்தால் அவர் வந்து இறங்கப்போவது இந்தச் சத்திரத்தில்தான்.