சாவுப் பணத்தில் முளைத்த சங்கங்கள்

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து ஒரு ஸ்லோவாக் தொழிலாளி செத்துப்போனால், 1880களில் அவன் மனைவிக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. அந்த மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1915இல்தான். அதனால் வந்தேறிகள் தாங்களே கூடிப் பணம் போட்டார்கள். மாதாமாதம் ஆளுக்கு ஒரு சிறு சந்தா. நோயில் படுத்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவும் குடும்பத்துக்கு ஒரு தொகையும். அமெரிக்க ஸ்லோவாக் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தச் சாவுப் பணம்தான்.

1890இல் இரண்டு பெரிய சங்கங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன. பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் பத்திரிகையாளர் பீட்டர் ரோவ்னியானெக் தேசிய ஸ்லோவாக் சங்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கர், லுத்தரன் என்ற பேதம் அதில் இல்லை. அந்தக் கலப்பு பிடிக்காத பாதிரியார் ஷ்டெஃபான் ஃபுர்டெக், செப்டம்பரில் கிளீவ்லாந்தில் ‘யெட்னோடா’ என்ற கத்தோலிக்க ஒன்றியத்தை நிறுவினார். 1892இல் அதே கிளீவ்லாந்தில் அன்னா ஹுர்பன் கத்தோலிக்கப் பெண்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார். கணவன் இறந்தால் பணம் வருகிறது, மனைவி இறந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? கேட்க வேண்டிய கேள்விதானே!

உடற்பயிற்சி இந்தச் சங்கங்களுக்குள் நுழைந்த கதை சுவாரசியமானது. 1862இல் பிராகாவில் செக் மக்களுக்காக ‘சோகோல்’ இயக்கம் தொடங்கியது. சோகோல் என்றால் வல்லூறு. நிறுவியவர்கள் இருவர்: தத்துவம் படித்த மிரோஸ்லாவ் டிர்ஷ், இன்ஷூரன்ஸ் தொழில் செய்த யிண்ட்ரிஹ் ஃப்யூக்னர். உடம்பை முறுக்கேற்றினால் அடிமைப்பட்ட இனம் நிமிரும் என்பது அவர்கள் கணக்கு. ஒரே சீருடையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் கைகால் வீசும் கூட்டுப் பயிற்சிதான் அதன் அடையாளம். பார் விளையாட்டு உண்டு, கர்லாக்கட்டை சுழற்றுவதும் உண்டு. (இந்தக் கட்டை இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் வழியாக மேற்கே போன சரக்கு.)

ஸ்லோவாக்குகள் அப்போது ஹங்கேரி ஆட்சியின் கீழ் இருந்தார்கள். அவர்களுடைய உயர்நிலைப் பள்ளிகள் மூன்றும், ‘மாதிட்சா’ என்ற பண்பாட்டு நிறுவனமும் 1870களின் நடுவிலேயே இழுத்து மூடப்பட்டிருந்தன. சொந்த மண்ணில் சோகோல் கொடி ஏற்ற வழியில்லை. ஏற்றியது சிகாகோவில், 1896 ஜூலை 4 அன்று. அமெரிக்கச் சுதந்திர தினத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்திருப்பார்கள் என்பது என் ஊகம். பத்து மணி நேரம் உலைக்கூடத்தில் வெந்தவனுக்கு மாலையில் எதற்கு உடற்பயிற்சி என்று தோன்றும். அவன் போனது தசைக்காக மட்டுமல்ல. அங்கே ‘சகோதரா’ என்று கூப்பிட ஆள் இருந்தது. கூடவே அதே சாவுப் பணமும் இருந்தது.

மதச் சண்டை இங்கும் விடவில்லை. சோகோல் மதச்சார்பற்றுப் போகிறது என்று கோபித்த கத்தோலிக்கர்கள் 1905இல், அதே ஜூலை 4 அன்று, நியூஜெர்சியின் பசேய்க்கில் தனிச் சோகோல் கண்டார்கள். இந்தப் பிளவுகளைப் பலவீனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பிளவிலும் ஒரு புதிய பத்திரிகை வந்தது, புதிய கிளைகள் வந்தன. தன் கிராமப் பெயரைத் தவிர வேறு அடையாளம் தெரியாமல் கப்பலேறியவன், சந்தா கட்டி, கூட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போட்டு, கணக்குக் கேட்டுப் பழகினான்.

அந்தப் பழக்கம் அரசியலிலும் பலித்தது. 1907இல் சங்கங்களை ஒரு குடைக்கீழ் கொண்டுவர ஸ்லோவாக் லீக் உருவானது. தலைவர் அதே ஃபுர்டெக். முதல் உலகப் போரில் லீக் நிதி திரட்டியது. சோகோல் இளைஞர்கள் சிலர் பிரான்ஸில் போரிட்ட செக்கோஸ்லோவாக் படையில் சேர்ந்தார்கள். 1918 மே 30 அன்று பிட்ஸ்பர்க்கில் செக் தலைவர் தாமஸ் மசாரிக்கும் இந்த அமைப்புகளின் தலைவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். செக்குகளும் ஸ்லோவாக்குகளும் ஒரே நாடு. ஸ்லோவாக்குகளுக்குத் தனி நிர்வாகம், தனிச் சட்டமன்றம், தனி நீதிமன்றங்கள்.

நாடு கிடைத்தது. தனிச் சட்டமன்றம் கிடைக்கவில்லை. அமெரிக்க ஸ்லோவாக்குகள் இதை விடுவதாக இல்லை. 1938இல் லீக்கின் தூதுக்குழு ஒன்று ஒப்பந்தத்தின் மூலப் பிரதியோடு கடல் கடந்து பிராட்டிஸ்லாவாவுக்கே போய், இருபது வருடத்துக்கு முந்தைய வாக்குறுதியைக் கூட்டத்தின் முன் காட்டியது.