பணவீக்கம் குறைஞ்சிட்டுதாம், அப்ப ஏன் வீட்டில காசு நிக்குதில்லை?

போன கிழமை வந்த வொய்ஸ் மெசேஜ்களில் ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறேன். தெஹிவளையில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தார். "அண்ணா, பணவீக்கம் 70இல இருந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்திட்டுது எண்டு நியூஸில சொல்லினம். அப்ப ஏன் கடையில இருந்து வரேக்க எங்கட அம்மான்ர முகம் இன்னும் அப்பிடியே இருக்கு?"

ஒரு வரியில் பதில் சொல்லலாம். பணவீக்கம் குறையிறது வேறு, விலை குறையிறது வேறு. ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்கப் போவதில்லை. அதனால் எங்கட அம்மாவின் கணக்குக் கொப்பியைத் திறக்கிறேன். அம்மாவிடம் கேட்டுத்தான் செய்கிறேன். "என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாத" என்றார்.

வெள்ளவத்தையில் எங்கட வீட்டில் மாதச் செலவு எழுதுவது அம்மா. சாதாரண சி.ஆர். கொப்பி. 2021ஆம் ஆண்டுப் பக்கங்களில் காஸ் சிலிண்டர் 1,493 ரூபாய். அந்த வருசம் ஒக்டோபரில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட, 2,675. 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. அதே 12.5 கிலோ சிலிண்டர்தான், ஏழு மாதத்தில் மூன்று மடங்கு. 400 கிராம் பால்மா பக்கெட் 380இல் இருந்து 2022 மார்ச்சில் 790க்கு வந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் பால்மாவே இல்லை. வீட்டில் எல்லாரும் பிளேன்டீக்கு மாறிய மாதம் அது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஒரு நாள் பின்னேரம் பிளேன்டீ வந்தது, குடித்தோம்.

ஏன் இப்படி நடந்தது? காஸ், எரிபொருள், பால்மா, பருப்பு எல்லாம் நாங்கள் டொலர் கொடுத்து வாங்குகிற சாமான்கள். அந்த டொலர் உல்லாசப் பயணிகளாலும், ஏற்றுமதியாலும், வெளிநாட்டில் இருக்கிற ஆக்கள் அனுப்புகிற காசாலும் வரவேண்டும். 2019 ஈஸ்டர் தாக்குதலும் அதற்குப் பின்னால் வந்த கொரோனாவும் உல்லாசப் பயணத்தை விழுத்திவிட்டன. 2019 கடைசியில் வற் வரியை 15இல் இருந்து 8 வீதத்துக்கு இறக்கியதால் அரசாங்கத்தின் வருமானமும் விழுந்தது, காசு அச்சடிப்பது கூடியது. 2021இல் இரசாயன உரத்துக்குப் போட்ட தடை விளைச்சலை அடித்தது. இதுக்குள்ளே டொலரை 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைக்கும் என்றால் கட்டாரில் இருக்கிற அண்ணன் ஏன் வங்கியில் போடப் போகிறார்? போடவில்லை.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியை விட்டது. மே மாதம் டொலர் 360 ரூபாய். நடுவில் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. 13 மணித்தியால கரண்ட் கட், பெற்றோல் கியூ, கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று வந்த கியூ.ஆர். கோட் எல்லாம் நீங்களே அனுபவித்தவை, நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது வேறொன்று. இந்த டொலர் கதை எதுவும் எங்கட வீட்டுக்குள் டொலர் கதையாக வரவில்லை. சண்டையாக வந்தது. அப்பா ஒரு தனியார் கம்பனியில் வேலை. மாதம் 60,000 எடுத்தவருக்கு 2023இல் 72,000 ஆக்கினார்கள். "12,000 கூட்டித் தந்திருக்கிறாங்கள், அதுக்குப் பிறகும் 20ஆம் திகதிக்குக் காசில்லை எண்டால் என்ன அர்த்தம்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "நான் என்ன, திண்டோ முடிச்சனான்?" இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்கவில்லை. தங்கச்சியின் டியூசன் ஒன்று நின்றது அந்தக் கிழமைதான். அம்மாவின் இரண்டு காப்பு அடைவுக்குப் போனது அதற்கு முதல் மாதம். அப்பாவுக்குத் தெரியாமல்.

இப்ப கணக்குக்கு வருவோம். பேப்பர் பேனை எடுக்கத் தேவையில்லை, போன் கல்குலேட்டர் காணும்.

பணவீக்கம் என்று செய்தியில் சொல்வது, போன வருசம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் விலை எத்தனை வீதம் கூடியிருக்கிறது என்பதை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் 2022 ஓகஸ்டில் அது 64.3 வீதம். அதாவது 2021 ஓகஸ்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 164 ரூபாய். அடுத்த ஓகஸ்டில், 2023இல், பணவீக்கம் 4 வீதம். எல்லாரும் சந்தோசப்பட்ட இலக்கம். ஆனால் அந்த 4 வீதம் பழைய 100 ரூபாயில் கூடவில்லை, 164 ரூபாயில் கூடியது. ஆகவே கிட்டத்தட்ட 171 ரூபாய். விலை மலையில் இருந்து இறங்கவில்லை. மலையில் நின்றுகொண்டு ஏறுகிற வேகத்தைத்தான் குறைத்திருக்கிறது.

சில சாமான்கள் இறங்கினதும் உண்மை. 2023 ஜூலையில் காஸ் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தது, பிறகு திரும்ப ஏறியது. அந்த ஆகக் குறைந்த விலையே பழைய 1,493இன் இரண்டு மடங்கு.

அப்பாவின் சம்பளத்தை இதுக்குள் போட்டுப் பாருங்கள். 2021இல் 60,000 ரூபாயால் வாங்கியதை 2023இல் வாங்க ஒரு லட்சத்து 2,500 ரூபாய் வேண்டும். அவருடைய 72,000 பழைய காசில் 42,000 ரூபாய்தான். 12,000 கூட்டிக் கொடுத்தார்கள் என்று நாங்கள் நினைத்த இடத்தில் உண்மையில் 18,000 ரூபாய் போயிருக்கிறது. அதை யாரும் களவெடுக்கவில்லை, அம்மாவும் கூடச் செலவழிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. செய்தியில் வரும் இலக்கம் ஒரு சராசரி. 2022 செப்டம்பர்தான் உச்சம், மொத்தத்தில் 69.8 வீதம். அதைப் பிரித்தால் உணவு 94.9, உணவல்லாதவை 57.6. சுட்டெண்ணில் உணவின் பங்கு கால் வாசிக்குக் கொஞ்சம்தான் மேலே. உங்கட வீட்டில் வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்குப் போகிறது என்றால் உங்கட பணவீக்கம் 70 இல்லை, 76 அளவில் வரும். சம்பளம் குறையக் குறைய சாப்பாட்டுக்குப் போகிற பங்கு கூடும், அடியும் கூடும். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை அடுத்த வருசமே 25 வீதம் ஆனது இப்படித்தான். அந்த 2022இல் மட்டும் வேலைக்காக வெளிநாடு போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். எங்கட மச்சானும் அதில் ஒருத்தர். போகும்போது மகளுக்கு ஒன்பது மாதம்.

இந்தக் கணக்கை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அப்பாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 87 ரூபாயில் இருந்து 340 ஆனது. சின்னப் படகுகள் அதில்தான் ஓடுகின்றன, கடலுக்குப் போகிற செலவே கட்டவில்லை, மீன் விலை எங்கேயோ போய்விட்டது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் தட்டில் எப்படியோ மீன் துண்டு ஒன்று இருந்துகொண்டே இருந்ததால் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

"இதென்ன, மீன் முந்தி முக்கால் கிலோ எண்டு எழுதியிருக்கிறீர், இப்ப கால் கிலோ எண்டு இருக்கு? நாலு பேருக்கு எப்பிடிக் காணும்?"

அம்மா குசினிக்குள் இருந்தே சொன்னார். "உங்களுக்கும் பிள்ளையளுக்கும் காணுந்தானே."

அப்பா கொப்பியை மூடவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார். பிறகு, காப்பு எங்கே என்று கேட்டார்.

அடுத்த கிழமை மின்சார பில்லைப் பார்ப்போம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் கூட்டினார்கள். இரண்டையும் கூட்டினால் 141 என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. உங்கட பழைய பில் ஏதாவது இருந்தால் எடுத்து வைத்திருங்கள்.